மூவாயிரத்து எண்ணூற்று நாற்பது கிலோ

குருபரப்பள்ளி எடைமேடைக்கு
விடியற்காலை நாலேகாலுக்கு ஏறியது லாரி.
தார்ப்பாய்க்குள் ஒற்றை உருப்படி.
பொருள் என்ன என்றேன்.
‘விஞ்சு’ என்றான் திம்மராயன். ‘கப்பல் விஞ்சுண்ணா.’

கிருஷ்ணகிரியில் கப்பல்.
மானிட்டரை விட்டு இறங்கிப் போய்ப் பார்த்தேன்.

மேலே பச்சை, குவாரியில் அடித்தது.
சாவியால் சுரண்டிக் காட்டினான்:
அடியில் சாம்பல் நிறம். அது யுத்தம்.
அதற்கும் அடியில், நகம் அளவுக்கு, கறுப்பு.
அது மீன்.

காகிதங்கள் ஒரு ஜவுளிக்கடைப் பையில் இருந்தன.
சென்னைத் துறைமுகத்து ஏலப் பட்டியல்,
கரையான் போக ஒன்றரைப் பக்கம்.
படகின் பெயரைத்தான் அது முதலில் தின்றிருக்கிறது.

பெயரில்லாமலே சொல்கிறேன்.
ஏதோ குளிர்க்கடலில் இழுவைப்படகாக இருந்தது.
மடிவலையைக் கடலின் தரையோடு இழுத்துப் போகும்,
நீராவி சீற இந்த விஞ்சு சுருட்டி எடுக்கும்.
கம்பி கனத்தால் அன்றைக்குக் கூலி.
சில நாள் பாறையும் கனக்கும்.

யுத்தம் வந்ததும் சாம்பல் அடித்தார்கள்.
மீன்காரர்களுக்கே உடுப்பு மாட்டினார்கள்;
அடியில் கிடப்பதை இழுக்க
வேறு யாருக்குத் தெரியும்?
சூயஸ் தாண்டி, கொழும்பு தாண்டி,
சென்னை வாசலைப் பெருக்க வந்தது படகு.

வலையில் இருப்பதும் கண்ணி,
தண்ணீருக்குள் சங்கிலியில் கட்டி
மிதக்கவிட்டதும் கண்ணி.
வலையை அவிழ்த்துவிட்டு
பல் வைத்த கம்பியை மாட்டினார்கள்.
சங்கிலி அறுந்தால் வெடி மேலே வரும்,
தள்ளி நின்று ரைஃபிளால் சுடுவார்கள்.
விஞ்சு அதுதான். பிரேக்கில் இருந்த கையும் அதுதான்.
கம்பி கனத்தபோதுமட்டும்
யாரும் சிரிக்கவில்லை.

ஏலத்தில் எடுத்தவர் நஞ்சுண்ட செட்டி,
வேப்பனப்பள்ளிப் பக்கம் கல்குவாரி.
ஜோலார்பேட்டை வரை ரயில்,
அப்புறம் பதினாறு ஜோடி மாடு.
நீராவியைக் கழற்றி எறிந்து டீசல் பூட்டினார்கள்.

மீதியைத் திம்மராயன் டீ குடித்துக்கொண்டே சொன்னான்.

பன்னிரண்டு குழிக்கு மருந்து வைத்தால்
பன்னிரண்டு சத்தம் வர வேண்டும்.
எண்ணுவதற்கென்றே ஓர் ஆள், பொம்மக்கா,
கண்ணை மூடி விரல் மடக்குவாளாம்.
ஒருநாள் பதினொன்றோடு நின்றது.
‘ரெண்டு சேர்ந்து வெடிச்சிருக்கும்’ என்றார் மேஸ்திரி.
‘இல்ல, ஒண்ணு உள்ள கீது’ என்றாள்.

சோற்றுத் தூக்கு திறக்காமல் இரண்டு மணி நேரம்.
பிறகு அந்தக் கல்லை இழுத்தே ஆக வேண்டும்.
கம்பி மாட்டப் போனவன் மாதேஷ்.
பிரேக்குக்கு யாரும் வரவில்லை,
பொம்மக்காவே போய் நின்றாள்.
கம்பி விறைத்தது. கனத்தது.
கல் புரண்டு வந்தது.
மருந்து நனைந்திருந்தது.
‘அவ்ளோதாண்ணா’ என்றான்.

பிரேக் தண்டில் அரம் வைத்து இழுத்த கோடுகள், ஏழு.
எட்டாவது பாதியில் நிற்கிறது.
மீனுக்குப் போட்டதா, வெடிக்கா, கல்லுக்கா,
பையிலிருந்த காகிதத்தில் அது இல்லை.
‘எது எப்படியோ, கட்டர் வச்சா
அரை நாள்ல துண்டு’ என்றான்.

‘மேடைய விட்டு இறங்கு, உன் எடையும் சேருது’ என்றேன்.
இறங்கினான்.
சிவப்பு எண்கள் ஏறின, இறங்கின,
பத்துக்கும் இருபதுக்கும் நடுவே ஆடின.
டிரைவர், திம்மராயன், டீ கொண்டுவந்த பையன், நான்,
எண் நிற்கும் வரை
யாரும் பேசவில்லை.

லாரியின் காலி எடை கழித்து
மூவாயிரத்து எண்ணூற்று நாற்பது.
பொருள்: பழைய இரும்பு.
கட்டணம் அறுபது ரூபாய், சில்லறை இல்லை,
வரும்போது தருகிறேன் என்று போனார்கள்.

மேடையில் கொஞ்சம் பச்சைத் தூள் கிடந்தது.
அடுத்த வண்டி, மாங்காய் லோடு,
ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.