ஹால்வாரின் நூற்றோரு சொற்கள்

வார்டோ நூலகம். சூரியன் வராத செவ்வாய்க்கிழமை.
மதியம் இரண்டு மணிக்கே தெருவிளக்கு.
நண்டுத் தொழிற்சாலையிலிருந்து நேரே வந்த ஹால்வார்
கையுறையைக்கூடக் கழற்றாமல் கேட்டார்:
"ஸ்டைனாரை ஏன் கொன்றீர்கள்?"

நாங்கள் கொல்லவில்லை.
தொலைக்காட்சிக்காரர்கள். மூன்றாம் பருவம், ஆறாம் பகுதி.
மீன்பிடிக் கப்பலின் சமையற்காரன்
ஒரு வசனமும் இல்லாமல் அலைக்குள் போனான்.
அடுத்த காட்சியில் எல்லோரும் சூப் குடித்தார்கள்.
"அந்தச் சூப்பை யார் வைத்தது?"
இதுதான் அவருடைய வழக்கு.

வழக்கு உள்ளவர்கள்தான் எங்கள் மேசைக்கு வருகிறார்கள்.
உட்காருங்கள் என்றேன். காபி ஊற்றினேன்.

திரையில் நடந்தது கேனன்.
கல்வெட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்,
அழிக்க முடியாது, பக்கத்தில் செதுக்கலாம்.
உங்களுக்கு மட்டும் தெரிந்தது ஹெட்கேனன்.
"ஸ்டைனாருக்கு இடது காது கேட்காது" என்றார் உடனே.
எந்தப் பகுதியிலும் அப்படி இல்லை.
வீட்டுக்குப் போய் மறுபடி பார்த்தேன்:
யார் கூப்பிட்டாலும் வலப்பக்கமே திரும்புகிறான்.

அடுத்தது ஷிப் என்று தொடங்கினேன்.
"நாற்பது வருஷம் கப்பலில் இருந்தவனிடமா?"
அது இல்லை. உறவு என்னும் ஆங்கிலச் சொல்லின்
வாலை மட்டும் வெட்டி எடுத்தது.
இரண்டு பேரைச் சேர்த்துவைக்க நாம் படும் பாடு.
பல் மருத்துவர் ஒத்தீலியே
கேப்டன் யோருனையும் துறைமுக வழிகாட்டி ஸிக்ரிட்டையும்
ஒரு சாய்கோட்டின் இரு புறமும் நிறுத்தி
நாற்பத்தோரு அத்தியாயம் எழுதிவிட்டாள்.
இன்னும் கை பிடிக்கவில்லை.
ஸ்லோ பர்ன். ஈர விறகு.
பல் பிடுங்கும்போது இந்தப் பொறுமை அவளுக்கு இல்லை.

ஜன்னலோரம் டெஸ்ஃபாலெம் எழுதுவது ஏ.யூ.
அதே மாலுமிகள், வேறு உலகம்:
எல்லோரும் சேர்ந்து ஒரு ரொட்டிக்கடை நடத்துகிறார்கள்,
கண்ணுக்கெட்டிய தூரம் கடலே இல்லாத ஊரில்.
ஏன் கடல் இல்லை என்று
அவனிடம் நாங்கள் யாரும் கேட்டதில்லை.

ஆங்ஸ்ட், ஃபிளஃப் எல்லாம் போகப் போகப் பழகும்,
முன்னது நெஞ்சில் கல், பின்னது பஞ்சு.
தலைப்பின் கீழே எச்சரிக்கை எழுத மறக்காதீர்கள்,
யார் சாவார், எங்கே ரத்தம்.
நண்டுப் பெட்டிக்கு முப்பது வருஷமாய்
லேபிள் ஒட்டுகிற கை தலையசைத்தது.

உங்களுக்கு வேண்டியது ஃபிக்ஸ்-இட், என்றேன்.
விட்ட குறையைத் தீர்ப்பது. ஸ்டைனாரை எழுப்பிவிடலாம்.
ஒரு கயிறு, ஒரு மிதவை, அடுத்த படகு.

ஹால்வார் கையுறையை அப்போதுதான் கழற்றினார்.
"இந்தத் தண்ணீரிலிருந்து எழுந்து வந்தவனை
நான் பார்த்ததில்லை. வேறு ஏதாவது சொல்."

வேறு என்றால் டிராபிள்.
நூறே சொற்கள். கூடாது, குறையாது.

ஒன்பது செவ்வாய் வரவில்லை.
பத்தாவதில் வந்தார், எடைச்சீட்டின் முதுகில் பென்சிலால்.
ஸ்டைனார் சூப்பில் உப்புப் பார்க்கிறான்.
இன்னொரு சிட்டிகை போடுகிறான்.
அடுப்பைக் குறைத்து, கடைசியாக மூடியை மூடி,
மேல்தளத்தில் யாரோ கூப்பிட
வலப்பக்கம் திரும்புகிறான்.
அவ்வளவுதான்.

சூப்பை அவனே வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.
ஆறாம் பகுதியில் ஒரு ஓட்டை கிடந்தது,
இவர் ஒரு மூடியால் அடைத்துவிட்டார்.
இதற்கும் எங்களிடம் ஒரு பெயர் உண்டு,
பழைய ஏட்டுக்காரர்கள் இடைச்செருகல் என்று திட்டியது.
நான் திட்டவில்லை.

பீட்டா நான்தான், பிறர் கதையின் முதல் வாசகி.
எண்ணிப் பார்த்தேன்: நூற்றொன்று.
எதை எடுப்பது?
"உப்பு" கூடாது என்றாள் ஒத்தீலியே.
"யாரோ" இருக்கட்டும் என்றான் டெஸ்ஃபாலெம்.
ஹால்வார் பென்சிலை வாங்கி
"கடைசியாக" என்பதை அடித்தார்.
"அவனுக்கு அது தெரியாதே."

எச்சரிக்கை என்ன போட என்று கேட்டேன்.
கொஞ்ச நேரம் யோசித்தார்.
"சூடாக இருக்கும்" என்று எழுதச் சொன்னார்.