ஈரப்பதம்

பிறந்த இடம்: மணல்மேடு.
மாவட்டமும் கேட்டது படிவம்.
பிறந்தபோது தஞ்சாவூர்.
பத்தாவது எழுதும்போது நாகப்பட்டினம்.
இப்போது மயிலாடுதுறை.
வீடு நகரவேயில்லை.
ஒருமுறை ஓடு மாற்றினோம், அவ்வளவுதான்.

குடும்பப் பெயர்: வைத்திலிங்கம்.
அப்பா போய் ஒன்பது வருஷம் என்றேன்.
கட்டத்தைக் காலியா விட முடியாது சார் என்றான்
பிரவுசிங் சென்டர் பையன்.

ஸ்டுடியோவில் விபூதியை அழிக்கச் சொன்னார்கள்.
சிரிக்காதீங்க, காது தெரியட்டும்.
போலீஸ் ஸ்டேஷன் பலகையில் ஒட்டும் ஆள்போல
எட்டு பிரதி வந்தேன்.

காப்பீடு முப்பதாயிரம் யூரோவுக்கு.
அங்கே நான் செத்தால்
உடலைத் திருப்பி அனுப்பும் செலவும் அதில் அடக்கம்,
பொடி எழுத்தில்.

பயண நோக்கம்: தங்கை கல்யாணம்.
தையல்நாயகி. கோபன்ஹேகன் நகர மன்றத்தில்,
வெள்ளிக்கிழமை, பதினொன்று இருபதிலிருந்து
பதினொன்று முப்பது வரை.
நம் பக்கம் நாயனக்காரர் சீவாளி சரிபார்க்கவே
அந்த நேரம் போதாது.

உழவன் எக்ஸ்பிரஸில் சென்னை போய் விரல் வைத்தேன்.
கண்ணாடி இரண்டு தரம் ஏற்கவில்லை.
கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுத்தர் நான்,
நெல்லுக்குள் விட்டு விட்டு எடுத்த விரல்.
துடைச்சிட்டு வைங்க என்றாள் அந்தப் பெண்.
டென்மார்க்கோடு முன்தொடர்பு ஏதும்?
தரங்கம்பாடிக் கோட்டைச் சுவரோரம் நின்று
மீன் வறுவல் தின்றிருக்கிறேன்.
இல்லை என்றேன்.

பருவகாலப் பணி. சீசனுக்குச் சம்பளம்,
மற்ற நாளில் சும்மா.
வங்கிக் கணக்கில் பயிர்க் காப்பீடு ஒருமுறை,
நகைக்கடன் இருமுறை,
பிறகு பன்னிரண்டு ரூபாய், பன்னிரண்டு ரூபாய், பன்னிரண்டு ரூபாய்.
ஐரோப்பாவில் யாரோ ஒருவர்
நான் குடித்த டீயை உட்கார்ந்து எண்ணியிருப்பார்.

பதினேழாம் நாள் உறை வந்தது.
அச்சடித்த காரணங்களில் ஒன்றுக்கு நேரே ஒரு டிக்:
திரும்பிச் செல்வீர்கள் என்பதில் நியாயமான ஐயம் உள்ளது.
மேலே, திரு வைத்திலிங்கம் அவர்களுக்கு.

அப்பா திரும்பி வருவார் என்று
அவர்கள் நம்பவில்லை.
அதில் தப்பு சொல்ல முடியாது.

வெள்ளிக்கிழமை களத்தில் இருந்தேன்.
அஞ்சம்மாள் நெல், நாற்பது மூட்டை.
மீட்டர் பத்தொன்பது புள்ளி இரண்டு காட்டியது.
பதினேழுக்கு மேல எடுக்கக் கூடாதுன்னு தெரியுமில்ல?
மூணு நாளா ரோட்டுல காயுது சார்,
மானம் மூடிக்கிட்டா நா என்ன பண்ண?
அடியில அள்ளிப் பாருங்க.
அள்ளினேன். பத்தொன்பது.
நடுவில் அள்ளினேன்.
பதினெட்டு புள்ளி ஆறு.
இன்னொரு கை, என்றாள்.

அதற்குள் போன் அதிர்ந்தது.
தையல். அரக்குப் பட்டுக்கு மேல் கம்பளிக் கோட்டு.
பின்னால் ஆறு நாற்காலி,
விருந்தினர் பட்டியலைப் பார்த்து யாரோ பெயர் ஒட்டியிருக்கிறார்கள்.
முன்வரிசையில் காலியாக ஒன்று: வைத்திலிங்கம்.
உனக்குப் போட்டதுண்ணே, என்று சொல்ல வந்தவள்
பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

அஞ்சம்மாள் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.
பொண்ணுக்குப் பூ வைக்கலியே.
அங்கே கிடைக்காதும்மா.
ஒரு முழம் கூடவா?

முதல் துளி மீட்டர் மேல் விழுந்தது.
அவள் தார்ப்பாயின் ஒரு முனைக்கு ஓடினாள்.
மறுமுனைக்கு ஆளில்லை.
போனைக் குவியலில் சாய்த்துவிட்டு ஓடினேன்.
காற்று ஒருபக்கம் இழுக்க, இழுத்துப் போர்த்தி
நாலு மூலைக்கும் செங்கல் வைத்து முடித்தோம்.

மழை பிடித்துக்கொண்டது.
பாய்க்கு அடியில், நெல்லுக்குள்,
யாரோ புரியாத மொழியில் ஏதோ கேட்டார்கள்.
தையல் ஆமாம் என்றது மட்டும் கேட்டது.