பங்கில் வராதது

பள்ளத்தூர் வீட்டைப் பதினோரு புள்ளிக்குப் பிரித்தபோது
தூண்களை எண்ணினார்கள், பூட்டுகளை எண்ணினார்கள்,
பித்தளை அண்டாவை வெளிச்சத்தில் கவிழ்த்து
ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தார்கள்.
முற்றத்து வெயிலை யாரும் கேட்கவில்லை.
நான் எடுத்துக்கொண்டேன்.

அதாவது, தைக்க ஆரம்பித்தேன்.

சித்திரை ஒன்பது, காலை எட்டு மணி.
ஆறடிக் காடாத் துணியை முற்றத்துக் கல்லில் விரித்து
மூலைக்கொரு எடைக்கல் வைத்தேன்.
மேற்கு ஓரத்தில் நகக்கீறல் போல வெயில்.
தையல்கடைச் சுண்ணக்கட்டியால் அதன் விளிம்பில் கோடிழுத்தேன்.
ஒன்பதுக்கு அது அகன்றது.
பத்துக்குக் கூரை ஓட்டின் பல்வரிசை துணிக்குள் வந்து விழுந்தது.
பன்னிரண்டுக்குத் துணி முழுக்க வெயில்,
கோடு போட இடமில்லை,
நான் ஒரு காலில் மாறி மாறி நின்றேன்.

வெயில் மஞ்சள் என்று சொன்னவர்
இந்தப் பக்கம் வந்ததில்லை.
எட்டு மணிக்கு நனைந்து காய்ந்த வேட்டி.
பதினொன்றுக்கு ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பு.
அதற்கு மேல்தான் சிக்கல்.
காரைக்குடிக் கடையில் கண்டாங்கியை உதறிக் காட்டினார்கள்,
செட்டிநாடு என்றால் இதுதானே, என்று.
கட்டம் வேண்டாம், பன்னிரண்டரை மணி இருக்கிறதா என்றேன்.
கல்லாவில் இருந்தவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

அது கடைசியில் புரோட்டாக் கடையில் கிடைத்தது.
மைதா மூட்டை, எழுத்து வெளுத்துப்போன பக்கம்.

மேலே வெயில், நடுவில் பஞ்சு, அடியில் கறுப்பு மல்.
மூன்றையும் சேர்த்துக் குத்தும்போது
ஊசி ஒரு சின்னச் சத்தம் போடும்,
அவித்த கடலையின் தோல் உடைகிற மாதிரி.
அந்தச் சத்தத்துக்காகவே சில நாள்
தேவையில்லாத இடத்திலும் தைத்திருக்கிறேன்.
மின்வாரியத்தின் பராமரிப்பு நாளில் மெஷின் ஓடாது,
கையால் போட்டேன்.
அதனால் பத்து மணி கொஞ்சம் கோணல்.
கோட்டுக்குக் கோடு, முடிகிற இடத்தில்
மணிக்குத் தக்க முடிச்சு வைத்தேன்.
பிறகு எனக்கே குழம்பக் கூடாதே.

மீட்டர் பார்க்க வந்த சிக்கந்தர்
பஞ்சை மிதிக்காமல் தாண்டி நின்றார்.
"இந்த வேக்காட்டுக்குப் போர்வையா ஆச்சி?"
"போர்த்த இல்லை. சுவரில் மாட்ட."
"சுவருக்குக் குளிருதாக்கும்,"
யூனிட்டை எழுதிக்கொண்டு போனார்.

நாலு மணியைச் சொல்ல வேண்டும்.
கோடிழுத்த அன்று, நாலுக்கு ஐந்து நிமிடம் இருக்க,
ஆவடியிலிருந்து வயிரவனின் ஃபோன்.
கேமராவில் பார்த்தானாம்.
"பொது முற்றத்தில் என்ன துணி? யாரைக் கேட்டு விரிச்சே சிகப்பி?"
முதலில் பொறுமையாகத்தான் சொன்னேன்.
பிறகு வெள்ளையடித்த கணக்கு வந்தது,
கிணற்று மோட்டார் வந்தது,
அவன் கல்யாணத்துக்கு நான் வைத்த மொய் கூட வந்தது.
ஃபோனை வைத்தபோது தொண்டை வறண்டிருந்தது.
ஐந்து அடிக்கப் போகிறது.
வெயில் துணியின் கிழக்கு ஓரத்தில்
ஒரு விரற்கடைதான் மிச்சம்,
மற்றதெல்லாம் தூணில் ஏறிவிட்டது.

மறுநாள் போட்டிருக்கலாம்.
மறுநாள் மேகம்.
அதற்கு மறுநாள், நேர்மையாகச் சொன்னால்,
அந்த வெற்றிடம் எனக்குப் பிடித்துவிட்டது.
ஒரு சாண் அகலத்துக்கு
தையலே இல்லாமல் பஞ்சு உப்பி நிற்கிறது,
கோபித்துக்கொண்ட கன்னம் போல.

ஐப்பசியில் மாட்டினேன்,
என் பங்குக்கு வந்த ஒற்றை அறையின் ஒற்றைச் சுவரில்.
வெளியே முற்றத்தில் மூன்று நாளாக அடைமழை.
சிக்கந்தர் குடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு
மீட்டரை மறந்து நின்றார்.
ஈரக் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு
முடிச்சுகளைக் கண்ணாலேயே எண்ணினார்.
எட்டு. ஒன்பது. உதடு அசைந்தது.
மூன்று. ஐந்து.
திரும்ப வந்து இன்னொரு முறை எண்ணினார்.

"நாலு மணிக்கு ரீடிங் விட்டுப்போச்சே ஆச்சி."

"கதவு பூட்டுன்னு போட்டுக்கோங்க," என்றேன்.