இடம் மிச்சமில்லை

மேம்படுத்தவோ எண்டு கேட்டது.
ஓம் எண்டு அமத்திப்போட்டுப் பாண் வாங்கப் போனன்.
அவ்வளவுதான் என்ரை குற்றம்.

திரும்பி வரேக்கை
கறுப்புத் திரையிலை ஒரு வெள்ளைக் கோடு
மின்னி மின்னி அணைஞ்சுகொண்டிருந்தது,
சொல்ல வாயெடுத்து
விக்கி நிக்கிற ஆள் மாதிரி.

கொக்குவில் சந்தியிலை இரவு ஒன்பதரை.
விடியக் கீரிமலையிலை அந்தியேட்டி.
மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னம்
இருநூறு கல்வெட்டு வீட்டிலை இருக்கவேணும்.
பரநிருபசிங்கத்தாரின்ரை திதி வெண்பா,
பஞ்சபுராணம், வம்ச விருட்சம்,
ஆறு தரம் திருத்தி இண்டைக்குத்தான் சரிவந்த
மூத்த மருமகனின்ரை பட்டங்கள்,
எல்லாம் இந்தப் பெட்டிக்குள்ளை.

மகள் செந்தூரி ஒஸ்லோவிலை இருந்து வந்தவ.
பேப்பர் கட்டுக்கு மேலை குந்தியிருந்து
"அப்பா உள்ளுக்கைதானே நிக்கிறார்?" எண்டு கேட்டா.
நிக்கிறார் எண்டன்.
நம்பிச் சொன்னனோ, சொல்லிப்போட்டு நம்பினனோ தெரியாது.

நிப்பாட்டி எழுப்பினன். கோடு.
வயரைக் கழட்டி, முப்பது எண்ணி, பூட்டினன். கோடு.
றாம் ரெண்டையும் இழுத்து
அழிறப்பராலை தேய்ச்சு ஊதிப் போட்டன்.
கோடு, கொஞ்சம் துப்பரவாய்.

கம்பஸிலை படிக்கிற வாகீசனுக்குப் போன் எடுத்தன்.
சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்:
"ஷிஃப்டை அமத்திப் பிடிச்சபடி எழுப்புங்கோ அக்கா.
பழைய கேர்ணல் ரெண்டாம் வரியிலை நிக்கும்."
நிண்டது.
போன மாசத்துப் பழசு, ஒரு கோவமும் இல்லாமல்.

எழுத்துகள் வரிவரியாய் ஓடி வந்து
பஸ்ஸைத் தவறவிட்ட சனம் மாதிரி
ஒரு இடத்திலை மூச்சு வாங்கி நிண்டுது:
வட்டிலை இடம் மிச்சமில்லை. நூறு வீதம்.
புதுசு வந்து
பாதி உள்ளை இறங்கி,
மற்றப் பாதி சாமான்களோடை படலையடியிலை.

பன்னிரண்டு வருசத்திலை
நான் ஒருத்தரையும் அழிச்சதில்லை.
ஆட்டைத் திவசத்துக்குத் திரும்பி வருவினம்,
அந்தப் படம் இருக்கோ எண்டு.
இணுவில் அன்னலெட்சுமி, பதினெட்டுப் பக்கம்.
தாவடிச் சின்னத்துரை,
அடையாள அட்டையிலை இருந்து பெருப்பிச்ச முகம்.
பேர் வைக்கமுந்திப் போன ஒரு பிள்ளை,
நாலு பக்கம், காசு வாங்கேல்லை.

அழிக்கிற கட்டளைக்கு ரெண்டே ரெண்டு எழுத்து.
நிச்சயமோ எண்டும் அது கேக்காது.
ஒவ்வொரு பேரிலையும் கண் நிண்டு நிண்டு போச்சுது.

பிறகு கண்டன்.
பிரதேசசபைத் தேர்தல்.
இறுதி, இறுதி இரண்டு, உண்மையான இறுதி.
பத்தடிப் பதாகை, சிரிப்பு மட்டும் நாலு விதம்.
முப்பத்தொரு ஜீபி.
ஆள் வெல்லவுமில்லை, காசு தரவுமில்லை.

ரெண்டு எழுத்து.
"என்ன சிரிக்கிறியள்?" எண்டா செந்தூரி.

அரைகுறையாய் விட்டதை முடி எண்டு ஒரு வரி எழுதி
ரெண்டு பேரும் பாணைப் பிச்சுத் திண்டம்.
ஒண்டேகாலுக்குத் திரை நீலமாய் வந்துது.
ஆனால் கோப்பைத் திறந்தால்
பரநிருபசிங்கம்
ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாய்க் கிடந்தார்.

"இது அப்பா இல்லையே."
பொறுங்கோ, பாமினி ஏறேல்லை.

எழுத்துருவை ஏத்தினன்.
அரைப்புள்ளியெல்லாம் எழும்பி
மெய்யெழுத்துகளின்ரை தலையிலை குத்தாய்க் குந்திச்சுது.
வெண்பா நாலடியும் கால் ஊண்டி நிண்டது.
செந்தூரி கிட்ட வந்து, வரியிலை விரல் வைச்சு,
மெல்லமாய் வாசிச்சா.
மூத்த அத்தானின்ரை பட்டத்திலை
ஒண்டு விட்டுப்போச்சாம். விடட்டும் எண்டா.

முதல் தாள் வந்தது.
ரெண்டு கையாலையும் வாங்கி
"சூடாயிருக்கு" எண்டா.
வேறை ஒண்டும் சொல்லேல்லை.

மெஷின் அடுத்த தாளை இழுத்தது.