வண்டி தன் காலில் நின்ற பிறகு

கமஞ்சாபில் ஒரு பெட்ரோல் பங்க், ஒரு ரொட்டிக்கடை.
ரொட்டிக்கடைக்குப் பின்னால்
ஹோசியா கோரெசெபின் பட்டறை.
லேண்ட் க்ரூசரை ஜாக்கியில் தூக்கியதும்
அடியில் புகுந்து படுத்தான்.
வெளியே தெரிந்தது செருப்பு மட்டும்.
செருப்பு சொன்னது:
"நாலும் போச்சு. பின்னாடி இடது பக்கம்
செத்து ஒரு வருஷம் இருக்கும்."

ஒரு வருஷமாகப் பிணத்தின் மேல்
உட்கார்ந்து போயிருக்கிறோம்.
கூரையில் கூடாரம், இரண்டு ஸ்டெப்னி,
அறுபது லிட்டர் தண்ணீர்,
பின்னால் எங்களை நம்பிப் புழுதி தின்றுகொண்டு
மூன்று வாடகை ஜீப்புகளில் வெள்ளைக்காரர்கள்.

மேல் நட்டு ஒன்று வரமாட்டேன் என்றது.
எண்ணெய் விட்டான். சுத்தியலால் தட்டினான்.
நாக்கைச் சொடுக்கும் தன் மொழியில்
அதன் தாயை விசாரித்தான்.
கடைசியில் கிரைண்டர்.
என் நீளப் பாவாடை ஓரத்தில்
கடுகளவு ஓட்டை.

கழற்றியதைக் கையில் கொடுத்தான்.
அழுத்தினேன். முரண்டு பிடிக்காமல் உள்ளே போனது.
போனது போனதுதான்.
"கல்யாணமான புதுசில் நானும் இப்படித்தான்" என்றேன்.
ஹோசியா சிரித்தான். வெடாருஹே சிரிக்கவில்லை.

புதியது தடித்த குழாய். உள்ளே நைட்ரஜன்.
குழந்தையை முதுகில் கட்டியதுபோல்
பக்கத்தில் தனியாக ஓர் எண்ணெய்க் குப்பி.
விண்ட்ஹூக்கிலிருந்து வர மூன்று மாதம்.
விலை கேட்டேன்.
"அதெல்லாம் பார்த்தாச்சு" என்றான் என் கணவன்,
மோப்பனே மரத்தைப் பார்த்துக்கொண்டு.

"ரப்பர் புஷ்ஷை இப்போ முழுசா இறுக்காதே,
வண்டியைக் கீழே இறக்கு.
தன் பாரத்தில், தன் காலில் நிக்கட்டும்.
அப்புறம்தான் கடைசி முறுக்கு.
தொங்கும்போது இறுக்கினா
நிக்கும்போது கிழியும்."
பையனிடம்தான் சொன்னான் ஹோசியா.

செஸ்ஃபொண்டைன் தாண்டி புர்ரோஸ் போகும் தடம்
துணி துவைக்கும் பலகை.
வாயைத் திறந்தால் நாக்கைக் கடிப்போம்.
பதினோரு வருஷம் இங்கே நாங்கள் பேசியதில்லை.
கதவு பேசும். கரண்டிகள் பேசும்.
டேஷ்போர்டுக்குள் எப்போதோ விழுந்த
ஒரு டாலர் நாணயம் ஓயாமல் பேசும்.

இன்று எழுபதில் போகிறோம்.
நாணயம் வாயை மூடிக்கொண்டது.
எட்டிப் பார்த்தேன்: கீழே சக்கரம்
பேய் பிடித்தது போல் ஆடுகிறது.
மேலே, என் மடியில், முப்பது முட்டை
முப்பதாகவே இருக்கிறது.

இவ்வளவு அமைதிக்கு எங்களுக்குப் பழக்கமில்லை.
வெடாருஹே தொண்டையைச் செருமினான்.
இன்னொரு முறை.
"செவலையை வித்துட்டேன்."

என் அப்பா கொடுத்த பசு.
"கன்னு?"
"கன்னோட."
"எப்போ?"
"ஈஸ்டருக்கு முன்னாடி."

ஈஸ்டருக்குப் பிறகு
இதே தடத்தில் ஆறு முறை வந்திருக்கிறோம்.
ஆறு முறையும்
கரண்டிகள் அவனைக் காப்பாற்றியிருக்கின்றன.

நிறுத்து என்றேன். நிறுத்தினான்.
முட்டையைச் சீட்டில் வைத்துவிட்டு இறங்கி
பின்னால் இடது பக்கம் குனிந்து
என் செவலையைத் தொட்டேன்.
சுரீர் என்றது.
ஹோசியா சொல்லியிருந்தான்,
ஆட்டத்தையெல்லாம் உள்ளே வாங்கி
சூடாக்கி வெளியே விடும்,
வேறு மாயம் ஒன்றுமில்லை என்று.

தண்ணீர்ப் பாட்டிலோடு ஓடி வந்தான்.
என் விரலில் ஊற்றுவதா குழாயில் ஊற்றுவதா
தெரியாமல் நின்றான்.
"அதுல ஊத்தாதே" என்றேன். "தானா ஆறட்டும்."
கையை நீட்டினேன். ஊற்றினான்.
தேவைக்கு அதிகமாகவே.

தூரத்தில் ஒரு நெருப்புக்கோழி
எங்களைப் பார்த்துவிட்டு
எங்களால் ஆகப்போவது ஒன்றுமில்லை என்று
நடந்தது.

எவ்வளவுக்குப் போனாள் என்று
ஏறி உட்கார்ந்து கேட்டேன்.
சொன்னான்.
குறைவு. ரொம்பக் குறைவு.
அதைப் பற்றிப் பேச
புர்ரோஸுக்கு இன்னும் எண்பது கிலோமீட்டர் இருக்கிறது.
சத்தமே இல்லாத எண்பது.