என் என்ற எழுத்து

இரவு பதினொன்றேகால்.
கட்டபெட்டுக்கு மேலே தேயிலை ஆலையின் எடைக்கொட்டகையில்
நானும் ஒரு கணினியும்.
பக்கத்துக் கட்டடத்தில் வாட்டும் தொட்டிகளின் விசிறிகள்.
கதவிடுக்கில் நுழைந்த மேகம்
திரைமுன் நின்று படித்துவிட்டுப் போகிறது.

புதுப்பதிப்பு ஏற்றிக்கொண்டிருக்கிறேன்.
நூற்றுப் பதினாறு பொதிகள்.
இறங்கின, அவிழ்ந்தன,
பழையதை எழுப்பிவிட்டு அதனதன் இடத்தில் உட்கார்ந்தன.
நூற்றுப் பதினான்காவது மட்டும் நின்றது.
கேட்டது:

இந்த அமைப்புக் கோப்பு
நிறுவிய பிறகு மாறியிருக்கிறது,
உன்னாலோ ஏதோ நிரலாலோ.
ஆக்கியவர் இப்போது புதிதாய் ஒன்று அனுப்பியிருக்கிறார்.
என்ன செய்யட்டும்?

ஒய் அழுத்தினால் அவருடையது.
என் அழுத்தினால் என்னுடையது.
இங்கிலீஷ் எழுத்துக்கு இவ்வளவு தமிழ் தெரியுமென்று
இன்றுதான் கவனித்தேன்.
ஒன்றும் யோசிக்காமல் என்டர் தட்டினாலும்
இருப்பதே இருக்கும்.

மூன்று வருடமாய் என்டர்தான் தட்டினேன்.
என்னுடையது என்கிறது,
நான் ஒருமுறைகூடத் திறந்து பார்க்காத கோப்பை.

இன்று கரண்ட் போகவில்லை, தூக்கமும் வரவில்லை.
டி அழுத்தினேன். வித்தியாசம் காட்டு.

அனுப்பியவர் வரிகளுக்கு முன்னால் கூட்டல் குறி.
எங்கள் வரிகளுக்கெல்லாம் கழித்தல்.

எடை நிலைக்க அவர் இரண்டு நொடி தருகிறார்.
எங்களுக்கு நான்கு;
உருட்டு இயந்திரம் ஓடினால் இந்தத் தரையே நடுங்கும்.
அச்சுப்பொறி இரண்டாவது வாயிலில்;
முதலாவதன் ஒயரை எலி தின்றது.
சீட்டின் தலைப்பில் "தேயிளை" என்றொரு பிழை,
அதையும் மூன்று வருடமாய்க் காப்பாற்றியிருக்கிறேன்.

பிறகு,
ஈரக் கழிவு: அவருடையது நூற்றுக்கு இரண்டு.
எங்களுடையது ஏழு.

மேலே ஒரு குறிப்பு.
கணினி தாண்டிப் போகும் வரி,
மனிதர் படிப்பதற்கென்றே எழுதுவது:

# ஜூன் மழை. விடும்வரை ஏழு. பெலிக்ஸ்.

பெலிக்ஸ் ஓசூருக்கு வேலை மாறிப் போனார்.
மழை அந்த ஆகஸ்டிலேயே விட்டது.
அதன்பின் இரண்டு தை மாதம்
உறைபனி எரித்து, விரலில் நொறுங்கிய இலையிலும்
நூற்றுக்கு ஏழு தண்ணீர் என்று
பிடித்திருக்கிறோம்.

நாற்பது கிலோ கொண்டுவரும் மாதிக்கு
நாளுக்கு இரண்டு கிலோ.
மேற்கொண்டு பெருக்கிப் பார்க்கவில்லை.
பெருக்கத் தெரியாமலில்லை.

ஒய் என்றால் ஏழு போகும்,
கூடவே அந்த நான்கு நொடியும் அச்சுப்பொறியும் போகும்.
என் என்றால் எல்லாம் இருக்கும், ஏழும் இருக்கும்.

இசட் அழுத்தினேன்.
கேள்வி அங்கேயே காத்திருக்க
பக்கவழியாய் இறங்கிக் கோப்பைத் திறந்தேன்.
ஏழை அடித்து இரண்டு.
பெலிக்ஸின் வரியை அழிக்கவில்லை. அதன் கீழே:

# மழை விட்டது. ஜெயசீலி.

தேயிலைக்கு லை போட்டேன்.
திரும்பிவந்து என் அழுத்தினேன்.
அவர் அனுப்பியது வால் ஒட்டிய பெயரோடு
பக்கத்திலேயே படுத்துக்கொண்டது.

மேனேஜரைக் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் என்டர் தட்டச் சொல்லியிருப்பார்.

காலையில் மாதி சீட்டை வாங்கி
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.
திரும்பவும் தராசைப் பார்த்தாள்.
"இதுல பேனாவால ஒரு கையெழுத்து போடு.
நாளைக்கு மிஷின் தப்புன்னு பிடிப்பீங்க."

போட்டேன்.
பழைய சீட்டுகளைப் பற்றி அவள் கேட்கவில்லை.
எல்லாம் வீட்டில் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருக்கிறதாம்,
அதை மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

பத்து மணிக்குத் தூறல் பிடித்தது.
மாடி ஜன்னலில் மேனேஜர்
முதலில் வானத்தைப் பார்த்தார்,
அப்புறம் என் கொட்டகையை.