ஏழரைக்கு மேல்

வெள்ளிக்கிழமை பகுப்பாய்வு வேதியியல்.
ஐந்து யூனிட்டில் ஒன்றரை முடித்திருந்தேன்,
அதுவும் உமையாள் நோட்டின் ஜெராக்ஸில்.

செவ்வாய் ராத்திரியே
ஹாஸ்டல் ஜன்னலுக்கு நேராகக்
குழாய் ஒலிபெருக்கி கட்டிவிட்டார்கள்.
"பச்சைச் சட்டை போட்ட பையன்,
பேர் சொல்லத் தெரியவில்லை,
மாரியம்மன் கோயில் பந்தலில்
சுண்டல் தின்றுகொண்டிருக்கிறான்."
மூன்றாம் யூனிட் முழுக்க
அவன் அம்மா வந்தாளா என்றே படித்தேன்.

புதன் பால்குடம்.
பத்தே நிமிஷம் என்றாள் நசீமா.
திரும்பியபோது மணி இரண்டு.
காரைக்குடித் தார்ச்சாலை கொதிக்கக் கொதிக்க
வாசலுக்கு வாசல் அண்டா வைத்து
மஞ்சத்தண்ணி ஊற்றினார்கள்,
குடம் சுமந்தவர் காலில்,
வேடிக்கை பார்த்தவர் காலில்,
நோட்டோடு நின்ற என் துப்பட்டாவில்.
ஆளுக்கு மூன்று ரோஸ்மில்க்; காசு யாரும் கேட்கவில்லை.
சாயங்காலம் மறுபடி போனோம்.
ராட்டினம் உச்சியில் நின்றது.
கீழே ஓட்டுக்கூரையாய் ஊர்,
அதற்கப்பால் பரீட்சை ஹால்
தீப்பெட்டி அளவுக்கு.

வியாழன் நள்ளிரவு
குற்ற உணர்ச்சியைத் துவைப்பதாய் நினைத்துத்
துப்பட்டாவுக்குச் சோப்புப் போட்டேன்.
மஞ்சள் சடாரென்று சிவந்தது.
வாயில் பிரஷ்ஷோடு உமையாள் சொன்னாள்:
"காரம் பட்டா அப்படித்தான்டி.
பி.எச். ஏழரை தாண்டணும்."
எனக்கு ஏழரை
திங்கட்கிழமையே தொடங்கியிருந்தது.

வெள்ளி. பதினான்காம் கேள்வி:
இயற்கை நிறங்காட்டி ஒன்றை விளக்குக.
ஐந்து மார்க்.
ஒன்றே கால் பக்கம் எழுதினேன்,
வாளியை மட்டும் சொல்லாமல்.

மற்ற எழுபது மார்க்குக்கு
என்னிடம் துப்பட்டா இல்லை.

பூப்பல்லக்கு இன்றைக்கு ராத்திரி.
நசீமா கேட்டில் நிற்கிறாள்.